செப்டம்பரிலேயே கடைக்கு வந்துவிடும் கிறிஸ்துமஸ் மரம்

கேள்வி இதுதான். அமெரிக்காவுக்குக் குடிவந்து இரண்டாவது வருடத்தில் இருக்கும் ஒருவர், செப்டம்பர் நடுவில் வீட்டுச் சாமான் வாங்க ஒரு பெரிய கடைக்குப் போயிருக்கிறார். வெளியே இன்னும் வெயில் குறையவில்லை. உள்ளே, அக்டோபர் கடைசியில் வரும் பேய் வேடப் பண்டிகையான ஹாலோவீனுக்கான எலும்புக்கூடுகளுக்கு அடுத்த வரிசையிலேயே கிறிஸ்துமஸ் மரமும் விளக்குச் சரமும் நிற்கின்றன. "மூன்று மாதத்துக்கு முன்னாடியே இதையெல்லாம் யார் வாங்குகிறார்கள்? கடைக்காரர்களின் பேராசைதான் காரணமா? இப்போதே வாங்கினால் எங்களுக்கு லாபம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

எந்தச் சரக்கு எந்த வாரம் எந்தக் கடைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று திட்டமிடும் வேலையில், அமெரிக்கச் சில்லறை வணிகத்தில் பல வருடங்கள் இருந்தவன் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பேராசை என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதியில் கப்பல் இருக்கிறது, அலமாரி இருக்கிறது, போட்டிக் கடையைப் பார்த்து வரும் பயம் இருக்கிறது, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர்களின் நியாயமான கணக்கும் இருக்கிறது. சீக்கிரம் ஆரம்பிப்பது பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. முன்னால் நீட்டிய அளவுக்குப் பின்னால் யாருடைய சுமையும் குறையவில்லை என்பதுதான் என் வருத்தம்.

முதலில் அலமாரியைப் பார்ப்போம். பெரிய கடைகளில் இரண்டு மூன்று வரிசைகள் 'சீசனல்' என்று ஒதுக்கப்பட்டிருக்கும். வருடம் முழுக்க ஒரே பொருள் அங்கே இருக்காது. ஜூலையில் நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வரும். செப்டம்பர் முதல் திங்கள், அதாவது லேபர் டே, கழிந்ததும் பள்ளிச் சாமான் விற்பனை படுத்துவிடும். அந்த இடத்தை ஒரு நாள்கூடச் சும்மா விட முடியாது, ஏனென்றால் கடையின் ஒவ்வொரு அடி அலமாரிக்கும் இவ்வளவு விற்றாக வேண்டும் என்று கணக்கு உண்டு. ஹாலோவீன் சாமான் ஏற்கெனவே ஒரு பக்கம் ஏறியிருக்கும். மீதி இடத்துக்கு என்ன கொண்டுவருவது? நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி சொல்லும் பண்டிகை இருக்கிறதே என்பீர்கள். தேங்க்ஸ்கிவிங்குக்கு மக்கள் வாங்குவது வான்கோழியும் சாப்பாட்டுச் சாமானும்தான். பரிசு கிடையாது, அலங்காரமும் கொஞ்சம்தான். மளிகைப் பிரிவு அதைப் பார்த்துக்கொள்ளும். சீசனல் வரிசையை நிரப்ப அதில் சரக்கே இல்லை. ஆகவே பள்ளிக்கும் ஹாலோவீனுக்கும் அடுத்தபடி நேராகக் கிறிஸ்துமஸ்தான்.

அந்த மாற்றம் நடக்கும் இரவை நேரில் பார்த்தால் புரியும். கடை மூடியபின் ஆறேழு பேர் வருவார்கள். கையில் எந்தப் பொருள் எந்தத் தட்டில், எத்தனை வரிசை என்று வரைந்த தாள் இருக்கும். அதற்குப் பிளானோகிராம் என்று பெயர். மிஞ்சிய நோட்டுப் புத்தகங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பாதி விலை மூலைக்கு அனுப்புவார்கள். தட்டுகளைக் கழற்றி உயரம் மாற்றுவார்கள், பழைய விலைச் சீட்டுகளைச் சுரண்டி எடுப்பார்கள். கிறிஸ்துமஸ் மரப் பெட்டிகள் நீளமானவை, கனமானவை, இரண்டு பேர் பிடித்தால்தான் மேல் தட்டுக்குப் போகும். காலையில் கடை திறக்கும்போது நேற்று ரப்பர் விற்ற இடத்தில் பொன்னிற உருண்டைகள் தொங்கும். இதற்குத் தேதி குறித்தது அந்தக் கடையின் மேனேஜர் இல்லை. ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் தலைமை அலுவலகத்தில் முடிவான தேதி அது.

அடுத்தது கப்பல். அமெரிக்காவில் விற்கும் செயற்கை மரங்களும் விளக்குகளும் பெரும்பாலும் சீனாவில் செய்யப்படுபவை. பொம்மைகளிலும் ஏறக்குறைய ஐந்தில் நான்கு அங்கிருந்துதான் வருகின்றன. ஷெஜியாங் மாகாணத்தில் யிவூ என்று ஒரு ஊர். கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள் என்றாலே இந்த வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். ஜனவரியில் அட்லாண்டாவிலும் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட்டிலும் நடக்கும் வர்த்தகக் கண்காட்சிகளில் அந்த வருட டிசம்பருக்கான மாதிரிகளைப் பார்த்துப் பேசி, வசந்த காலத்துக்குள் ஆர்டர் போட்டுவிடுவார்கள். கோடையில் தொழிற்சாலை வேலை. ஜூலை, ஆகஸ்டில் கப்பல் ஏறும். லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்களில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை உச்சப் பருவம் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். அங்கிருந்து ரயிலிலும் லாரியிலும் கிடங்குக்குப் போய், கிடங்கிலிருந்து கடைக்குப் போக வேண்டும். செப்டம்பரில் சரக்கு கிடங்குக்கு வந்துவிட்டால் அதை அங்கேயே அடைத்து வைப்பதற்கும் வாடகை உண்டு. அலமாரியில் வைத்தால் நாலு பேராவது வாங்குவார்கள், கிடங்கில் வைத்தால் செலவு மட்டும்தான்.

2021-ல் இந்தச் சங்கிலி அறுந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த நவம்பரில் அந்த இரண்டு துறைமுகங்களில் இறக்க இடமில்லாமல் காத்திருந்த கப்பல்கள் நூறைத் தாண்டின. வால்மார்ட், டார்கெட், ஹோம் டிப்போ, காஸ்ட்கோ போன்ற பெரிய நிறுவனங்கள் தாங்களே கப்பல்களை வாடகைக்கு எடுத்தன. கிறிஸ்துமஸ் முடிந்தபிறகு வந்து சேரும் மரத்தால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. அந்த வருடம் சூடுபட்டவர்கள் எல்லோரும் ஆர்டர்களை இன்னும் முன்னால் தள்ளினார்கள். விளைவு, 2022-ல் சரக்கு தேவைக்கு மேல் குவிந்தது. அந்த வருட முதல் காலாண்டு முடிவில் டார்கெட்டின் கையிருப்பு முந்தைய வருடத்தைவிட 43 சதவீதம் கூடியிருந்தது. குவிந்ததைத் தள்ளியாக வேண்டும், அதனால் அந்த அக்டோபரிலேயே தள்ளுபடித் திருவிழா ஆரம்பமானது. 2025-ல் வேறு மாதிரி அவசரம். ஏப்ரலில் சீனப் பொருள்கள் மீதான புதிய வரி 145 சதவீதம் வரை ஏறி, மே நடுவில் 30 சதவீதத்துக்கு இறங்கியது. கிறிஸ்துமஸ் ஆர்டர் உறுதியாகி வேலை தொடங்கும் சமயம் அது. வரி மறுபடி ஏறுவதற்குள் ஏற்றிவிடலாம் என்று இறக்குமதியாளர்கள் துடித்ததில் தப்பு சொல்ல முடியாது.

ஆனால் கப்பலும் அலமாரியும் மட்டும் காரணம் என்றால் அக்டோபர் கடைசியில் ஆரம்பித்தால் போதும். செப்டம்பருக்கு இழுப்பது பயம். ஒரு குடும்பம் பண்டிகைக்காக ஒதுக்கும் பணம் ஏறக்குறைய ஒரே அளவுதான். அது முதலில் எந்தக் கடையில் செலவாகிறதோ அந்தக் கடைக்கு லாபம், மற்றவர்களுக்கு அந்த அளவு நஷ்டம். பஸ் நிறுத்தத்தில் ஒருவர் இரண்டடி முன்னால் போய் நின்றால், இன்னொருவர் நாலடி போவார், கடைசியில் எல்லோரும் நடுரோட்டில் நிற்பார்கள், பஸ் என்னவோ வருகிற நேரத்துக்குத்தான் வரும். கடைகளின் நிலையும் அதுதான். 2020 அக்டோபரில் இது கண் முன்னால் நடந்தது. வழக்கமாக ஜூலையில் நடக்கும் பிரைம் டே என்ற தள்ளுபடி விற்பனையைத் தொற்றுநோய் காரணமாக அமேசான் அக்டோபர் 13, 14 தேதிகளுக்குத் தள்ளியது. அதே இரண்டு நாட்களில் டார்கெட் தன் தள்ளுபடியை வைத்தது. வால்மார்ட் 11-ம் தேதியே தொடங்கி 15 வரை ஓட்டியது. பிறகு ஜூலை விற்பனை ஜூலைக்கே திரும்பிவிட்டது. அக்டோபர் விற்பனை மட்டும் போகவில்லை. 2022 முதல் அமேசான் ஒவ்வொரு அக்டோபரிலும் தனியாக ஒரு விற்பனை நடத்துகிறது, மற்றவர்களும் கூடவே வருகிறார்கள்.

கடைக்குள் இருப்பவர்கள் பேசும் இன்னொரு கணக்கும் உண்டு. கிறிஸ்துமஸ் சரக்கு டிசம்பர் 26-ம் தேதி காலையில் பாதி விலை, ஜனவரியில் கால் விலை, அப்புறம் அள்ளிக்கொண்டு போங்கள் என்கிற விலை. முழு விலையில் விற்கும் நாட்கள் எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவுக்கு மிச்சம் குறையும். செப்டம்பரில் வாங்குபவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் அவர்கள் தள்ளுபடி கேட்பதில்லை. கைவினைப் பொருள் கடைகள் கோடையிலேயே கிறிஸ்துமஸைக் கொண்டுவருவதற்குக் காரணம் இன்னும் நேரடியானது. கையால் செய்து நவம்பர்ச் சந்தையில் விற்பவர்களுக்கு ஜூலையில் சாமான் கிடைக்காவிட்டால் எப்போது செய்வார்கள்? ஹாலோவீனும் இதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. ஹோம் டிப்போ 2020-ல் 299 டாலருக்கு விற்க ஆரம்பித்த 12 அடி எலும்புக்கூட்டைத் தேடி மக்கள் இப்போது கோடையிலேயே கிளம்பிவிடுகிறார்கள். சீக்கிரம் போனால்தான் கிடைக்கும் என்று ஒரு தடவை பட்டுவிட்டால் அடுத்த வருடம் இன்னும் சீக்கிரம் போவது மனித சுபாவம்.

சரி, வாங்குபவர்கள் யார் என்று கேட்டீர்கள். 2024-ல் தேசிய சில்லறை வணிகக் கூட்டமைப்பு எடுத்த கருத்துக்கணிப்பில், நவம்பருக்கு முன்பே வாங்க ஆரம்பிப்பதாகச் சொன்னவர்கள் 45 சதவீதம். முக்கியக் காரணம் செலவைப் பரப்பிக்கொள்வது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குபவருக்கு டிசம்பரில் இரண்டு சம்பளம்தான். நாலு பிள்ளைகளுக்குப் பரிசு என்றால் அந்த இரண்டு சம்பளத்துக்குள் அடங்காது. ஆறேழு சம்பளத்தில் பிரித்துப்போட்டால் அடங்கும். இது புதுசும் இல்லை. 1909-ல் பென்சில்வேனியாவின் கார்லைல் ஊரில் ஒரு வங்கி, வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு டிசம்பரில் எடுக்கும் கிறிஸ்துமஸ் சேமிப்புக் கணக்கை ஆரம்பித்து, அது நாடெங்கும் பரவியது. லேஅவே என்று ஒரு முறையும் இருந்தது. பொருளைக் கடையே எடுத்து வைத்துக்கொள்ளும், நீங்கள் தவணையில் கட்டி முடித்ததும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், வட்டி இல்லை. வால்மார்ட் 2006-ல் அதை நிறுத்தியது, பொருளாதாரச் சரிவுக்குப் பின் 2011-ல் பண்டிகைக்கு மட்டும் திரும்பக் கொண்டுவந்தது, 2012-ல் செப்டம்பரிலேயே திறந்தது, 2021-ல் கைவிட்டு, 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்கிற கடனுக்கு மாறியது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம். லேஅவேக்காக செப்டம்பரில் கடை திறந்திருந்தால் அது ஏழைக்கு உதவி. கையில் காசு இல்லாமலே அக்டோபரில் கடனில் வாங்கவைத்தால் அது வேறு விஷயம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. 'சீக்கிரம் வாங்குங்கள்' என்ற பிரசாரத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனதில் பெரிய பங்கு தொழிலாளர்களுக்காகப் போராடியவர்களுக்கு உண்டு.

1900-களின் தொடக்கத்தில் டிசம்பர் மாதம் கடைச் சிப்பந்திகளுக்கு நரகம். பெரும்பாலும் இளம் பெண்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் இரவு வெகுநேரம் வரை நிற்க வேண்டும், பல கடைகளில் கூடுதல் நேரத்துக்குக் கூலியும் கிடையாது. பொட்டலங்களை வீடுகளுக்குக் கொண்டுபோனது சிறுவர்கள், நள்ளிரவு வரை, குளிரில். தேசிய நுகர்வோர் சங்கத்தின் பொதுச் செயலாளராக 1899 முதல் இருந்த ஃப்ளாரன்ஸ் கெல்லி இதைப் பற்றி 1903-ல் கடுமையாக எழுதினார். கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு குழந்தைகளை இப்படி வதைப்பது பண்டிகையையே கேவலப்படுத்துவது என்பது அவர் வாதத்தின் சாரம். அந்தச் சங்கத்தினர் வாடிக்கையாளர்களிடம் கேட்டது எளிமையானது: கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள், முன்னாலேயே வாங்குங்கள், பகலில் வாங்குங்கள். நீங்கள் முன்னால் வந்தால் அந்தப் பெண் இரவு வீட்டுக்குப் போவாள்.

முதல் உலகப்போரின்போது 1918-ல் அரசாங்கமே இதைக் கையில் எடுத்தது. தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலுடன் வியாபாரிகள் ஒப்புக்கொண்டது: பண்டிகைக்காகக் கூடுதல் ஆள் எடுக்க மாட்டோம், இருக்கும் ஆட்களைக் கூடுதல் நேரம் வேலை வாங்க மாட்டோம், விற்பனையை அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று மூன்று மாதத்துக்குப் பரப்புவோம். இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டில் இருந்த ராணுவத்தினருக்குக் கிறிஸ்துமஸ் பார்சல் அனுப்ப செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை என்று தபால் கெடு வைத்தார்கள். அதனால் கடைகள் செப்டம்பரிலேயே பரிசு விளம்பரம் போட்டன. மகன் போர்முனையில் இருக்கும் தாய்க்கு அது சீக்கிரமாகத் தெரிந்திருக்காது.

1918 ஒப்பந்தத்தை இன்னொரு தடவை படியுங்கள். அதில் இரண்டு பக்கம் இருக்கிறது. வாங்குபவர் முன்னால் வருவார், பதிலுக்குக் கடை கடைசி நெருக்கடியைக் குறைக்கும். நூறு வருடத்தில் முதல் பக்கம் நிலைத்துவிட்டது, இரண்டாவது பக்கம் காணாமல் போய்விட்டது. இன்று விற்பனை செப்டம்பரில் தொடங்குகிறது, கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமையும் வருடத்தின் மிகக் கூட்டமான நாட்களில் ஒன்றாகவே இருக்கிறது. 2024-ல் பண்டிகைக் காலத்துக்கென்று தற்காலிகமாக 4 லட்சம் முதல் 5 லட்சம் பேர் வரை எடுக்கப்படுவார்கள் என்று தேசிய சில்லறை வணிகக் கூட்டமைப்பு எதிர்பார்த்தது. அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஜனவரியில் வேலை இல்லை.

கடைக்காரர்களுக்காவது இந்த நீட்டலால் மொத்த விற்பனை கூடியதா? இதை ஒரு ஜனாதிபதியே சோதித்துப் பார்த்திருக்கிறார். அந்தக் காலத்தில் தேங்க்ஸ்கிவிங் முடியாமல் கிறிஸ்துமஸ் விளம்பரம் போடுவது அநாகரிகம் என்று கருதப்பட்டது. லிங்கன் காலத்து வழக்கப்படி தேங்க்ஸ்கிவிங் நவம்பரின் கடைசி வியாழன். 1939-ல் நவம்பருக்கு ஐந்து வியாழன், கடைசி வியாழன் 30-ம் தேதி. கிறிஸ்துமஸுக்கு நாள் போதாது என்று வியாபாரிகள் முறையிட்டார்கள். பெரிய டிபார்ட்மெண்ட் ஸ்டோர் குழுமத்தை நடத்திய ஃப்ரெட் லாசரஸ் இதில் முன்னணியில் இருந்தார். ரூஸ்வெல்ட் ஒப்புக்கொண்டு தேங்க்ஸ்கிவிங்கை ஒரு வாரம் முன்னால், 23-ம் தேதிக்குக் கொண்டுவந்தார். அதுவும் ஆகஸ்டில்தான் அறிவித்தார். நாடு இரண்டாகப் பிளந்தது. 48 மாநிலங்களில் 23 புதிய தேதியை ஏற்றன, 22 பழைய தேதியிலேயே நின்றன, டெக்சாஸ், கொலராடோ, மிசிசிப்பி மூன்றும் இரண்டு நாளும் விடுமுறை விட்டன. அச்சடித்த காலண்டர்கள் வீணாயின, கால்பந்துப் போட்டிகளின் தேதிகள் குழம்பின, வேறு வேறு மாநிலத்தில் இருந்த குடும்பங்களுக்கு ஒரே நாளில் லீவு கிடைக்கவில்லை. இரண்டு வருடம் பார்த்துவிட்டு, 1941 மே மாதம் ரூஸ்வெல்ட்டே சொன்னார், எதிர்பார்த்தபடி வியாபாரம் கூடவில்லை என்று. அந்த டிசம்பர் 26-ம் தேதி கையெழுத்தான சட்டப்படி நவம்பரின் நான்காவது வியாழன் என்று நிரந்தரமானது. ஒரு வாரம் கூடுதலாகக் கிடைத்தும் மக்கள் செலவு செய்யும் தொகை பெரிதாக மாறவில்லை. 2024-ல் தேங்க்ஸ்கிவிங் 28-ம் தேதி, அதாவது சட்டப்படி வரக்கூடிய மிகக் கடைசித் தேதி. நாட்கள் குறைந்த அந்த வருடமும் நவம்பர், டிசம்பர் விற்பனை 99,410 கோடி டாலர், முந்தைய வருடத்தைவிட 4 சதவீதம் அதிகம். வியாபாரத்தைத் தீர்மானிப்பது வருமானமும் வேலைவாய்ப்பும்தான், அலமாரியில் மரம் வைத்த தேதி இல்லை.

அப்படியானால் இந்த ஓட்டத்தை நிறுத்தவே முடியாதா? தனி ஒரு கடையால் முடிவது கஷ்டம். தேங்க்ஸ்கிவிங் முடியும் வரை அலங்காரம் வைக்க மாட்டோம் என்று நார்ட்ஸ்ட்ரம் பல வருடமாக அறிவிப்புப் பலகை வைக்கிறது. ஆர்இஐ என்ற வெளிப்புற விளையாட்டுச் சாமான் கடை 2015 முதல், தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் வரும் பெரிய தள்ளுபடி நாளான பிளாக் ஃப்ரைடே அன்று கடையையே மூடி, ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு லீவு விடுகிறது. இரண்டுக்குமே அவர்களைத் தேடி வரும் தனி வாடிக்கையாளர் கூட்டம் உண்டு. விலையை மட்டும் வைத்துப் போட்டி போடும் கடைக்கு அந்தத் தைரியம் வராது.

எல்லோரும் சேர்ந்து நிறுத்தினால் நிற்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. தேங்க்ஸ்கிவிங் இரவுத் திறப்பை எடுத்துக்கொள்ளுங்கள். டார்கெட் 2011-ல் நள்ளிரவு திறந்தது. 2012-ல் இரவு 9 மணி, 2013-ல் 8 மணி, 2014-ல் மாலை 6 மணி. வீட்டில் குடும்பத்தோடு சாப்பிட உட்காரும் நேரம் அது. 2011-லேயே அந்தக் கடையின் ஊழியர் ஒருவர் இதை எதிர்த்து ஆரம்பித்த மனுவில் ஏறக்குறைய 2 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். ஆனாலும் அடுத்த கடை திறக்கிறதே என்ற ஒரே காரணத்தால் மணி முன்னால் நகர்ந்துகொண்டே போனது. 2020-ல் தொற்றுநோய் எல்லோரையும் ஒரே நேரத்தில் மூடவைத்தது. மூடியபின் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை என்று தெரிந்தது. 2021-ல் டார்கெட் அந்த நாளில் மூடுவதை நிரந்தரமாக்கியது, பெரும்பாலான பெரிய கடைகள் இப்போது திறப்பதில்லை. மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், மெய்ன் மாநிலங்களில் இந்தப் பிரச்சினையே எழவில்லை. தேங்க்ஸ்கிவிங் அன்று பெரிய கடைகள் திறக்கக்கூடாது என்று அங்கே பழைய சட்டம் இருக்கிறது.

விற்பனையைப் பரப்புவதால் ஒரு நன்மை நிச்சயமாக உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 2008-ல் பிளாக் ஃப்ரைடே விடியற்காலை 5 மணிக்கு, நியூயார்க் லாங் ஐலண்டில் ஒரு வால்மார்ட்டின் கதவை உடைத்துக்கொண்டு சுமார் 2,000 பேர் உள்ளே பாய்ந்தார்கள். பண்டிகைக்காக எடுக்கப்பட்ட தற்காலிக ஊழியர் ஒருவர் மிதிபட்டு இறந்தார். விசாரித்த பணியிடப் பாதுகாப்புத் துறை விதித்த அபராதம் 7,000 டாலர். அதன்பிறகுதான் கூட்டத்தை எப்படி நடத்துவது என்று கடைகளுக்கு வழிமுறை வந்தது. அந்த மாதிரி விடியற்காலை முண்டியடிப்பு இன்று வெகுவாகக் குறைந்ததற்கு இணைய விற்பனையும், ஒரே நாள் தள்ளுபடி பல வாரமாக நீண்டதும் காரணம். பிளாக் ஃப்ரைடே அதன் பழைய வேகத்தை இழந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

கடைசியாக, இப்போதே வாங்கலாமா என்ற உங்கள் கேள்வி. மரம், விளக்கு, உருண்டை, ரிப்பன் ஆகியவற்றைச் செப்டம்பரில் வாங்க எந்த அவசியமும் இல்லை. அப்போது இருப்பது முழு விலை. அவசரமில்லை என்றால் டிசம்பர் 26-க்குப் பிறகு வாங்கி அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்வதுதான் மலிவு. நானும் என் கூட வேலை பார்த்தவர்களும் அப்படித்தான் செய்வோம். குறிப்பிட்ட ஒரு பொம்மை, குறிப்பிட்ட ஒரு அளவு உடுப்பு என்றால், அதுவும் அந்த வருடம் எல்லாக் குழந்தைகளும் கேட்கிற பொருள் என்றால், அக்டோபரில் வாங்குங்கள். இறக்குமதிப் பொருள் தீர்ந்துவிட்டால் அந்தப் பருவத்துக்குள் இன்னொரு கப்பல் வராது. டிவி, லேப்டாப் போன்றவற்றுக்கு தேங்க்ஸ்கிவிங் வாரம் வரை பொறுப்பது பெரும்பாலும் லாபம். அக்டோபரில் வாங்கத்தான் வேண்டும் என்றால், பின்னால் விலை இறங்கினால் வித்தியாசத்தைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டு வாங்குங்கள். பண்டிகைக் காலத்தில் சில கடைகள் அப்படி உறுதி தருகின்றன, ஆனால் நாமாகக் கேட்டால்தான் கிடைக்கும்.

'முன்பு 80 டாலர், இப்போது 40' என்று போட்டிருந்தால் அந்த 80-ஐ நம்பிவிடாதீர்கள். முன்விலை என்று காட்டுவது உண்மையிலேயே விற்ற விலையாக இருக்க வேண்டும் என்று கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு அட்டையையும் யாரும் வந்து சரிபார்ப்பதில்லை. பழைய விலைகளைக் காட்டும் இணையதளங்கள் உண்டு, ஒரு நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும். அப்புறம், திருப்பிக் கொடுக்கும் கெடு. சாதாரணமாக 30 நாள் என்றால் செப்டம்பரில் வாங்கிய பரிசை டிசம்பர் 25-ல் பிரிக்கும்போது கெடு எப்போதோ முடிந்திருக்கும். பல கடைகள் பண்டிகைக்காக ஜனவரி வரை நீட்டிக்கின்றன, ஆனால் எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியதற்கு அது செல்லும் என்பது கடைக்குக் கடை மாறும். அக்டோபர் முதல் வாரத்துக்குப் பின் வாங்கினால் சில இடங்களில் பொருந்தும், சில இடங்களில் நவம்பர் ஆக வேண்டும். ரசீதின் அடியிலோ கடையின் தளத்திலோ அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பரிசு ரசீது தனியாகக் கேட்டால் கொடுப்பார்கள், விலை தெரியாமல் உள்ளேயே வைத்துக் கட்டிவிடலாம்.